சேற்றுக்கு வெயில்

"அக்கா, சன்னலோரம் கொஞ்சம் விடுங்க. இந்தச் சேத்துக்கு வெயில் வேணும்."

ஏற்காடு ஏறும் பஸ்ஸில், கண்ணாடி ஜாடியை மடியில் வைத்திருந்த கல்லூரிப் பெண் கேட்டாள். சன்னலோரம் இருந்தது ஒரு மாரமங்கலத்து அம்மா.

"சேத்துக்கா, கண்ணு?"

"கடலோரச் சேறுங்க. மேல இருக்கிற பாசி வெயில்ல சர்க்கரை மாதிரி ஒண்ணைக் கசியவிடும். கீழ இருக்கிற கிருமிங்க அதைத் தின்னு மூச்சு விடும். அந்த மூச்சைப் பாசி திரும்ப எடுத்துக்கும்."

"வெயில் இல்லீன்னா?"

"கிருமிங்க பட்டினிதானுங்க. ரெண்டு நாளா பைக்குள்ளயே கிடந்துச்சு."

"வளைவுல எனக்கு நொம்ப வாந்தி வரும் கண்ணு, எடத்தை விட முடியாது. ஜாடியைக் குடு."

வாங்கிச் சன்னலோரம் வெயிலில் பிடித்துக்கொண்டார். அடுத்த கொண்டை ஊசி வளைவில் வெயில் எதிர்ப்பக்கம் போனது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம் ஜாடியை நீட்டினார்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் புடிங்க. அடுத்த வளைவுல திருப்பிக் குடுங்க. இன்னும் சாப்புட்டு முடிக்கலீங்க."