சங்கு ஊதுவதற்குள்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “ஃபேக்டரி சங்கு ஊதறதுக்குள்ள போயிடணும்க்கா. இல்லாட்டி பெரியவரு வேலைக்குக் கெளம்பிடுவாரு.”

“அவரு ரிட்டையராகி வருசக்கணக்காச்சுன்னியே?”

“அது நமக்குத் தெரியும். அவருக்கு ஞாபகம் இல்லியே.”

பகலில் அவர் வீட்டில் இருந்து அவரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை போலும்.

“அவரு பொண்ணு ஊட்டைப் பூட்டிக்கினு போவக் கூடாதா?”

“பூட்டுனா கதவுல தலைய மோதிக்கிறாருக்கா. டெய்லி நானே டிபன் பாக்ஸ் கட்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போவேன். ‘கம்பெனி வண்டி போயிடுச்சு சார், இன்னிக்கு லீவு சொல்லிடலாம்’னு கூட்டியாந்துடுவேன். இன்னிக்கு அந்தம்மா சீக்கிரம் போவணுமாம். நான் வந்துடுவேன்னு சொல்லிட்டேன்க்கா.”

முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றதில் பஸ் நகரவே இல்லை. தூரத்தில் சங்கு ஊதியது. அவள் எழுந்து படிக்கட்டில் போய் நின்றாள்.

“யாராச்சும் திருப்பி அனுப்பிடுவாங்க, உக்காருடி.”

“இஸ்திரி சட்ட, கையில டிபன் பாக்ஸ். பாக்கறவங்களுக்கு இன்னாக்கா தெரியும்? வர்ற பஸ்ல ஏறிட்டாருன்னா?”

ஒருவழியாக பஸ் நகர்ந்து வந்தபோது, பருத்திப்பட்டு ஸ்டாப்பில் அப்படியே ஒருவர் நின்றிருந்தார். பஸ் நிற்குமுன் அவள் குதித்து ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாட்ச் இல்லாத மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அதட்டினார்.

“சங்கு ஊதி எவ்ளோ நேரமாச்சு? இப்பதான் வேலைக்கு வர்றியா?”

“தப்புதான் சார்,” என்றாள், கையை விடாமல்.