தையல் பிரிக்காத பை

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை நூல்... ஐயோ, வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன்! சிரியுங்கள், பரவாயில்லை.

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, கத்தரி பிடித்துக் கை காய்த்த பெரியோர்களே, பெற்ற பிள்ளைகளுக்காகப் பெடல் மிதிக்கும் தாய்மார்களே, என்னை மேடையில் தள்ளிவிட்டுப் பின்வரிசையில் பதுங்கியிருக்கும் கடைத் தோழிகளே, அனைவருக்கும் என் நடுங்கும் வணக்கம்!

'செல்வர் யார்?' என்று பேசச் சொன்னார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு என்ன தெரியும்? ஒரு கோட்டின் கதை தெரியும்.

புதுக் கோட்டு வடிவம் குலையாமலிருக்க, பைகளின் வாயை நூலோட்டி மூடித் தருவோம். வாங்கியவர் பிரித்துக்கொள்வார். எப்போதோ நாங்கள் தைத்த கோட்டு ஒன்று, போன ஆண்டு இடுப்பைத் தளர்த்த வந்தது. பாதித் தெருவுக்குச் சொந்தக்காரருடையது. கோட்டு நைந்திருந்தது, பை வாயில் நூல் நையவில்லை!

பாவம், மறந்துவிட்டார் என்று நானே இரண்டு பைகளையும் பிரித்துவிட்டேன். முதலாளியம்மா பார்த்துவிட்டார்.

"யாரைக் கேட்டுடீ கை வெச்ச? அவர் ஒரு வார்த்தை குறை சொல்லட்டும், நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம்."

அவர் வந்தார். மாட்டினார். கை தானாகப் பைக்குள் போனது.

"இதுல என்னம்மா வைப்பாங்க?"

கோபமா? கேலியா? இன்றுவரை குழப்பம்தான். பணம் கணக்கர் கையில், சாவி ஓட்டுநர் கையில், கண்ணாடி உதவியாளர் கையில். அவர் பைக்கு என்ன மிச்சம்?

"சும்மா கையை வெச்சுக்கலாங்கய்யா. குளிருக்கு."

வைத்தபடியே வெகுநேரம் நின்றார். "நல்லாத்தான் இருக்கு. பழக்கமில்லையே. மூடிடும்மா" என்று கழற்றித் தந்தார்.

என் அம்மாவின் வேலை அங்கியிலும் பை உண்டு. சாவி, மாத்திரை, தம்பியின் பம்பரம் என்று பாரம் தாங்காமல் அடிக்கடி கிழியும். "நீ பணக்காரியாம்மா?" என்றேன். "போடி, இதுல காசைத் தவிர எல்லாம் இருக்கு!" என்றாள்.

பை நிரம்பியவர் செல்வரா? பையே தேவைப்படாதவர் செல்வரா? கிழியக் கிழியத் தைப்பவர் செல்வரா? யாரங்கே, 'அம்மாதான்' என்பது? அண்ணே, அவளிடம் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவாள்!

முடிவு தெரியாதவளை முகம் சுளிக்காமல் கேட்டீர்கள். உங்கள் பொறுமைக்கு நன்றி. உங்கள் ஊசி முனைகளுக்கு வணக்கம்.

அந்தக் கோட்டை அப்புறம் என்ன செய்தாய் என்கிறீர்களா? முதலாளியம்மா முறைத்துக்கொண்டே நின்றார். நான் ஊசியில் நூல் கோத்தேன். ஒரு பையை மூடினேன். மற்றதைத் திறந்தே விட்டேன்.