நீல மூடி டப்பா

தயிர்சாதம் மத்தியானம் வரை புளிக்காமல் இருக்க வேண்டுமென்றால் அரிசியைக் குழைய வடித்து, பாலை ஊற்றிப் பிசைந்து, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் விட வேண்டும். பலர் தயிரைக் கொட்டிவிட்டு அப்புறம் கெட்டுப்போச்சு என்று புலம்புவார்கள். விடியற்காலையில் எழுந்து ஏழு வருடம் இரண்டு பெண்களுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஒரு நாள்கூடப் புளித்ததில்லை. இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் சார், பேச்சுக்குச் சொன்னேன்.

காபி வேண்டாம் என்றுவிட்டீர்கள். விசாரணைக்குப் போகிற இடத்தில் எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று விதி இருக்கும். நல்ல விதிதான். நானும் அதைத்தான் பெண்களுக்குச் சொல்லி வளர்த்தேன். திறந்த பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதே, யார் மாத்திரை கொடுத்தாலும் வாங்காதே, ஆன்ட்டி கையால் தருவதை மட்டும் சாப்பிடு. என் பெண் ரோகிணி பாதி நாள் மறந்துவிடுவாள். சிநேகா மறந்ததே இல்லை. கோச் கொடுத்த ஜூஸைக்கூட அவர் முதுகைத் திருப்பியதும் செடிக்கு ஊற்றியவள் அவள்.

சிநேகாவின் அப்பா ஸ்டான்லிக்குப் பூர்வீகம் படாளம். அவருடைய தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். இவர் தலையெடுத்து மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, திருக்கழுக்குன்றத்தில் வாடகைக்குக் குடியிருந்தார். நாங்கள் கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு பாட்மிண்டன் மைதானத்துக்குக் காரில் போகிற வழி அது. பன்னிரண்டு வயதுப் பெண் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தியது நான்தான். யாரும் சொல்லி நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்தே சமைத்தேன். நாங்கள் வித்தியாசம் பார்க்கிறவர்கள் இல்லை.

அவளுக்கென்று நீல மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கினேன். ரோகிணிக்கு எவர்சில்வர் கேரியர். சின்னப் பெண்கள், எச்சில் பார்க்காமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள், ஒருத்திக்கு ஜுரம் வந்தால் மற்றவளுக்கும் வரும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வேலைக்கு வரும் வசந்தா சாயங்காலமே அந்த டப்பாவைக் கழுவிப் பின்வாசல் மேடையில் வைத்துவிடுவாள். காலையில் நான் குளித்து, சமைத்து, கரண்டியால் மேலிருந்து சாதத்தைப் போடுவேன். மூடியை மூடிக் காரில் வைப்பது ரோகிணியின் வேலை.

இனி நீங்கள் கேட்க வந்ததைச் சொல்கிறேன்.

கலப்பு அணிப் போட்டி என்றால் ஆணும் பெண்ணும் ஒரே அணி. ஐந்து ஆட்டம், மூன்று ஜெயித்தால் அந்த நாடு ஜெயித்தது. பெண்கள் ஒற்றையருக்கு இரண்டே பேரைத்தான் அழைத்துப் போவார்கள். பட்டியல் வந்தபோது சிநேகா இரண்டாவது, ரோகிணி மூன்றாவது. மூன்றாவது என்றால் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்ப்பது. சிநேகாவுக்குப் பத்தொன்பது வயது, ரோகிணிக்கு இருபத்து மூன்று. சின்னவளுக்கு இன்னும் எத்தனையோ போட்டி இருக்கிறது, பெரியவளுக்கு இதை விட்டால் இல்லை. நியாயமான கணக்குதானே. சிநேகாவிடமே கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாள். ஆனால் பட்டியலில் இருப்பவர் விட்டுக்கொடுக்க விதியில் இடமில்லை. விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்தது எங்கள் கூட்டத்தில் நான் ஒருத்திதான். ஸ்டான்லிக்குத் தமிழில் படித்துச் சொன்னதும் நான்தான்.

என் கணவர் பார்த்தசாரதி ரத்தக்கொதிப்புக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். உடம்பில் இருக்கிற நீரைப் பிரிக்கிற மாத்திரை. அது பலத்தைக் கூட்டாது. ஆனால் ஊக்கமருந்தைக் கழுவி மறைத்துவிடும் என்று தடைப் பட்டியலில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். அணியில் இருப்பவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எந்த நாளில் நடக்கும் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் தினமும் ஒன்று அரைத்து நீல மூடி டப்பாவின் தயிர்சாதத்தில் கலந்தேன். ஒன்பதாவது நாள் பரிசோதனைக்கு வந்தார்கள். மறுநாள் டப்பாவைக் கொடுத்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. பத்தாவது நாள் டப்பாவில் கலந்தது வீண்தான்.

அந்த நாட்களில் அவளுக்குத் தாகம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரை மணலில் ஓட்டம் உண்டு. எப்போதும் ரோகிணியை முந்துகிறவள் அன்று பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

“கெண்டக்கால் இழுத்துப் பிடிச்சிக்கினு கீது ஆன்ட்டி,” என்றாள்.

கால் மணி நேரம் எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். பெற்ற தாய்கூட அப்படிச் செய்திருப்பாளா தெரியாது. வீட்டுக்கு வந்ததும் குளித்தேன். மணலெல்லாம் அப்பியிருந்தது.

பரிசோதனை முடிவு வந்த அன்று ஸ்டான்லியும் அவளும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மருந்து எப்படி உடம்புக்குள் போனது என்று விளையாடுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் தடை. பரிசோதனைக்கு முந்தைய பதினைந்து நாளில் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் எழுதச் சொல்லி ஒரு படிவம்.

“இங்கிலீசுல கீதும்மா, எனக்கு ஒண்ணும் பிரியல. நீங்க இன்னா எழுதுனாலும் சரி, இவ கையெழுத்துப் போட்டுடுவா,” என்றார் ஸ்டான்லி. நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

சிநேகா ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு டீ. இருமல் மிட்டாய். தெரிந்தவர் கல்யாணத்தில் சாப்பிட்ட பிரியாணி. எல்லாவற்றையும் எழுதினேன். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும். பிறகு அவள் கேட்டாள்.

“ஆன்ட்டி, நீங்க குடுத்த சாப்பாட்டையும் எழுதணுமா?”

“அதான் வீட்டுச் சாப்பாடுன்னு போட்டுட்டேனே.”

“ஆமால்ல. அதுவும் எங்க வூட்டு சாப்பாடு மாரிதான்,” என்று சிரித்தாள். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் சிரித்தாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்தப் பெண் நினைத்தாள். விசாரணையில் இரண்டு முறை கேட்டும், எழுதியதைத் தவிர வெளிச் சாப்பாடு எதுவும் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடத் தடை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வர வேண்டிய வேலை வரவில்லை. அவர்கள் தெருவில் அவள் படம் போட்டுக் கட்டிய பேனரை யாரோ பிளேடால் கிழித்தார்கள். கம்பெனி பஸ்ஸில் ஒருவன், “இன்னா அண்ணாத்த, உம் பொண்ணு எந்தக் கடையில மாத்திர வாங்குது, எனக்கும் சொல்லேன்,” என்று கேட்டதிலிருந்து ஸ்டான்லி கம்பெனி பஸ்ஸில் ஏறுவதில்லை. டவுன் பஸ்ஸில் இரண்டு வண்டி மாறிப் போனார். கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ரோகிணி போட்டிக்குப் போனாள். நான்கு நாட்டோடு மோதினார்கள். நான்கிலும் அவளை இறக்கவில்லை. மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓரமாக உட்கார்ந்து கைதட்டியதை நான் டிவியில் பார்த்தேன். அங்கே அணி டாக்டர் ஒரு நாள் தடை செய்த மருந்துகளின் பட்டியலைப் படித்துக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து பெட்டியைக்கூடத் திறக்காமல் சமையலறைக்கு வந்தாள்.

“அந்த மாசம் அப்பா மாத்திரை பத்து நாள் முன்னாடியே தீர்ந்துபோச்சு. கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தது நான்.”

நான் அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்தேன்.

“அந்த டப்பாவை நீ எதுக்குத் தனியா வெச்சேன்னு இப்பதாம்மா தெரியுது. தெனமும் அதை மூடினது நான்தானே,” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என் கையால் சாப்பிடவில்லை. மட்டையைத் தொடவில்லை. சென்னையில் யாரோடோ அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். இரண்டு வருடம் வாயைத் திறக்காதவள் போன மாதம் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். என் கணவர் இப்போதெல்லாம் மாத்திரையைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்.

தடை முடிந்து சிநேகா மறுபடி வருவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சும்மா இருக்க வேண்டாமே என்று, தெரிந்தவரிடம் சொல்லி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலைக்கும் நான்தான் ஏற்பாடு செய்தேன். தடை முடிய மூன்று மாதம் இருக்கும்போது தகடு அழுத்தும் மெஷினில் வலது கையை விட்டுவிட்டாள். இரண்டு விரல் போய்விட்டது. மட்டை பிடிக்கிற கை. மெஷின் தவறுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்டான்லி எழுந்து நின்று, “எம் பொண்ணுக்கு நீங்க பண்ணத எவனும் பண்ண மாட்டாம்மா,” என்றார். அவருக்கு அப்போது எதுவும் தெரியாது. இப்போது உங்கள் மூலம் தெரிந்திருக்கும். அவள் பெயரிலிருந்து பழியை நீக்கிவிடுவீர்கள். நல்லது. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஆமாம் சார், பத்து நாளும் கலந்தது நான்தான். படிவத்தில் மறைத்து எழுதியதும் நான்தான். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ரோகிணி தன் கடிதத்தில், நான் அந்தப் பெண்ணை ஒரு நாளும் எங்களில் ஒருத்தியாக நினைத்ததில்லை என்று எழுதியிருக்கிறாளே, அந்த ஒரு வரி பொய். அதை அடித்துவிடுங்கள். ஏழு வருடம் என் கையால் சாப்பிட்ட குழந்தை அவள்.

நீங்கள் கேட்ட டப்பா பத்திரமாக இருக்கிறது. பின்வாசல் குழாயடியில், எங்கள் பாத்திரங்களிலிருந்து தள்ளி, தனியாகக் கவிழ்த்திருக்கும். நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள். நான் குளித்துவிட்டேன்.