பாவாயியின் சாட்சி

1934 மார்ச் 14, புதன்.

யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் நால்வர் என்று மாலை வேதபாட வகுப்பில் எழுதிவிட்டேன். மூவர்தானாம். உபதேசியார் சிரித்தபடி திருத்தினார். எனக்கு இன்னும் வெட்கம் தீரவில்லை. கவனக்குறைவு என் பழைய குணம். அதனால் மற்றதையாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பாவாயிக்கு நரம்புச்சிலந்தி. படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு வருவதுதான். கணுக்காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல்போல் புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் கட்டி நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே அறுந்து கால் அழுகும். வெண்ணந்தூரில் குழந்தைக்கும் இது தெரியும். மிஷன் மருந்தறையில் கட்டுப்போடுவது என் வேலை என்பதால் குச்சி என் கையில் இருந்தது.

வலி கண்ட நாளிலிருந்து பாவாயி ஜெபக்கூட்டத்துக்குத் தவறவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, ஆணி அடித்த கால்களை நினைத்து அவள் அழுது ஜெபித்தால், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் முழங்காலிட்டார்கள். நான் சொன்ன எந்த வசனத்துக்கும் யாரும் முழங்காலிட்டதில்லை. வரும் ஞாயிறு சேலத்திலிருந்து வெள்ளைக்காரப் போதகர் அவள் சாட்சியைக் கேட்க வருகிறார். எனக்கு உபதேசியார் வேலை தருவதைப் பற்றியும் அன்றுதான் பேசுவார்கள். அதை நான் ஒரு காரணமாக நினைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை புழு பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது. பாவாயி சிரித்தாள்.

"வலிச்சாத்தானுங்க சாமி, ஏசுசாமி நெனப்பு. இது போச்சுன்னா பருத்திக்காட்டு நெனப்புத்தான். இனி ஞாயித்துக்கெழமயும் பருத்தி எடுக்கப் போறனுங்க."

கண்ணை மூடி ஜெபித்தேன். பதில் வரவில்லை, அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பிறகு குச்சியைச் சற்று வேகமாக இழுத்தேன். அறுந்தது. முழுதும் வந்துவிட்டது என்று சொல்லிக் கட்டுப் போட்டேன்.

திங்களன்று கால் முழங்கால்வரை வீங்கியது. அவள் புருஷன் கண்ணுசாமி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மிஷன் வண்டியைக் கேட்டு வந்தான். ஞாயிறு கழியட்டும் என்றேன். பொன்னை நெருப்பில் புடமிடுவதைப் பற்றியும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"பொன்னுக்குக் காலு வேண்டாமுங்க தம்பி. இவ நடந்தாத்தான் ஊட்டுல கஞ்சி" என்றான்.

படிக்காதவன். அவனுக்காகவும் ஜெபித்தேன்.

இன்று பாவாயியின் தாடை இறுகிவிட்டது. உடம்பு வில்லாக வளைகிறது. பிழைக்க மாட்டாள் என்று உபதேசியார் அழுதார். நானும் அழுதேன். அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என் கைதான், மறைக்க ஒன்றுமில்லை. அவள் ஜெபத்தின்மேல் நான் வைத்த அன்பு அவ்வளவு. வாய் திறக்காத சாட்சியைப் போதகருக்கு எப்படிக் காட்டுவது என்பதுதான் மாலையெல்லாம் என்னை வருத்தியது.

வகுப்பு முடிந்து வரும்போது, கிணற்றுத் தெரு கந்தம்மாளுக்கும் கணுக்காலில் கொப்புளம் கண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

நாளை: காலையில் கந்தம்மாள் வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட வேண்டும். ஜெபிக்கவும் சொல்லித்தர வேண்டும்.