மணல் மூடிய சாலையில் ஒரு மதியம்

தலைமை ஏற்றுச் சிறப்பிக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, படகைக் கரையேற்றிவிட்டுப் பாசத்தோடு வந்திருக்கும் பெரியவர்களே, மடியில் மழலையும் மனத்தில் கவலையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

என்ன மாமா? "சுருக்கமா பேசு"ங்கிறீர்களா? ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடமே வேகத்தைப் பற்றிச் சொல்கிறீர்களே!

நாளை நம் ஊர் மருத்துவமனையில் முதல் மருத்துவர் பொறுப்பேற்கிறார். அவரை வரவேற்குமுன் ஒரு மதியத்தை உங்கள் முன் வைக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிரசவ வலியில் துடித்த ஒரு தங்கையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். உடன் அவள் கணவர், நம் படகு மெக்கானிக். மருத்துவர் இருக்கும் நகரமோ அறுபது கிலோமீட்டர். ஒரு புறம் கடல், மறுபுறம் உப்பளம், நடுவே ஒற்றைச் சாலை. பாதி வழியில், முந்தின நாள் காற்று கொட்டிவிட்டுப் போன மணல் இடுப்பளவு கிடந்தது.

முன்னே மூடிய சாலை. பின்னே பூட்டிய மருத்துவமனை. எங்கே போவது? அலைபேசியில் சிக்னல் உண்டா? இல்லை. மண்வெட்டி உண்டா? இல்லை. எங்கள் நான்கு கைகள்தாம் உண்டு. வாரினோம், வார வாரச் சரிந்தது. மீண்டும் வாரினோம், மீண்டும் சரிந்தது.

வண்டிக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள்: "என்னங்க, பக்கத்துல வந்து உட்காருங்களேன். பயமா இருக்கு."

"இதோ வந்துட்டேம்மா. இன்னும் கொஞ்சந்தான், வழி வந்துரும்."

வழி வந்தது. மாலை நான்கு மணிக்கு வந்தது! நகரத்தை அடைந்தபோது தாயும் இல்லை, வயிற்றிலிருந்த பிள்ளையும் இல்லை.

திரும்பும் வழியில் அவர் கேட்டார்: "அவ கூப்பிட்டப்பவே நான் போயிருக்கணுமாண்ணே?"

நான் சாலையைப் பார்த்தே வண்டியை ஓட்டினேன்.

அதன்பின் அவர், ஊருக்கு ஒரு மருத்துவர் வேண்டுமென்ற ஒரே மனுவை ஏந்தி எத்தனை அலுவலகம் ஏறினார்! எத்தனை வாசலில் நின்றார்! நாளை வரும் மருத்துவர் அந்த மனு கொண்டுவந்த மருத்துவர். மேடைக்கு அழைத்தோம், மறுத்துவிட்டார். அதோ, கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார்.

தம்பி, இந்த ஊரே கேட்கச் சொல்கிறேன். "நீ போய் அவகூட உட்காரு, மண்ணை நான் பாத்துக்கிறேன்" என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். வயதில் மூத்தவன் நான். எத்தனையோ பிரசவம் ஏற்றிப் போனவன் நான். எனக்குத் தோன்றவில்லையே! அவள் தனியாகக் கிடந்தது என் பிழை, தம்பி. உன் பிழையல்ல.

என்னைப் பேசவிட்டுப் பொறுத்திருந்த உங்கள் அனைவருக்கும் என் கண்ணீர் கலந்த நன்றி. வணக்கம்.