சல்லடையில் விழுந்தது எந்தக் காலத்து நகை?

கோட்டுக்குள் குளிர் காயும் விழாத் தலைவர், எஸ்டேட் மேனேஜர் வெள்ளியங்கிரி துரை அவர்களே! அருகே அட்டிகை மின்ன அமர்ந்திருக்கும் அவர் துணைவியார் அம்சவேணி அம்மையார் அவர்களே! பாக்டரியில் தூளின் தரம் காக்கும் டீ மேக்கர் சுப்பண்ணன் அவர்களே! அரவேணுவிலிருந்து பனியில் நடந்து வந்த பெரியோர்களே! காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லாமல், உத்தரவுக்குப் பணிந்து வேலை முடித்து அப்படியே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! வணக்கம்.

இந்தப் பொங்கல் விழாவுக்குத் தலைப்பு தந்தவர் தலைவர். "சின்னராஜு, சங்கம், கூலின்னு ஆரம்பிச்சுப்போடாத. காலங்காலமாப் போட்ட நகையப் பத்திப் பேசு" என்றார். கட்டிய மனைவி கேட்டும் நகை தராத கணவன்மார் நிறைந்த ஊரில், கேட்காமலே எனக்கு நகை தந்தவர் துரை ஒருவர்தான்! பொறுங்கள், கை தட்டாதீர்கள். இன்னும் தலைப்புக்குள் நுழையவில்லை.

வெளியூர் அன்பர்களுக்குச் செய்தி தெரியாது. போன வாரம் தூள் சலிக்கும் சல்லடையில் ஒரு பொன் துண்டு விழுந்தது. சுப்பண்ணன் அதைத் தீப்பெட்டியில் எடுத்துப் போய், "இப்பிடியொரு நகைய நான் பாத்ததே இல்லீங்க" என்று திறக்கப் போனார். துரை பார்த்தாரா? பார்க்கவில்லை. "பொன்னா? அப்ப பொம்பளைங்கதான்!" என்றார். அவ்வளவுதான் விசாரணை! இனிமேல் கொழுந்தோடு நகை விழுந்து வரக் கூடாதாம். தோடு, மூக்குத்தி, தாலிகூட, எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொழுந்து பறிக்க வர வேண்டும் என்று உத்தரவு.

வீரம்மா அக்காவை வேலையிலிருந்தே நிறுத்தினார்கள். என்ன குற்றம்? அவள் மூக்கில் மூக்குத்தி இல்லை, துடைப்பக் குச்சி இருந்தது. அப்படியானால் சல்லடையில் விழுந்தது அவளுடையதுதானாம்! மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். தாய் தன் மூக்குத்தியைக் கழற்றி மகளுக்குப் போட்டாள். துளை தூர்ந்துவிடாமல் குச்சி செருகிக்கொண்டாள். நம் லயத்து வீடுகளில் அப்படிச் செய்யாத தாய் உண்டா? "புள்ள மூக்குல இருக்குதுங்க" என்று அழுதாள். அந்தப் பிள்ளையின் மூக்கைப் பார்க்கத் துரைக்கு நேரமில்லை!

ஆகவே தலைவர் தந்த தலைப்பாலேயே நான் விசாரிக்கிறேன். அந்தத் தீப்பெட்டி இதோ, சுப்பண்ணன் கையில். உள்ளே இருப்பது எந்தக் காலத்து நகை?

சங்க காலமா? அன்று சங்கை அறுத்து வளையாக்கினார்கள். காதலன் பிரிந்தால் பெண்ணின் கை மெலிந்து வளை கழன்று விழுமாம். எங்கள் பெண்களுக்குக் காதலன் பிரிய வேண்டாம், ரேஷன் அரிசியே போதும்! ஆனால் சங்கு வெள்ளை. சல்லடையில் விழுந்தது மஞ்சள். சங்க காலத்துக்கு விடுதலை!

சோழர் காலமா? இறைவனுக்குத் தந்த நகைகளை முத்து முத்தாக எண்ணிக் கோயில் சுவரில் வெட்டினார்கள். கடலில் மூழ்கி அந்த முத்தை எடுத்தவன் எந்தச் சுவரில் இருக்கிறான்? போகட்டும். சோழர் செப்புத் திருமேனிகளின் மூக்கைப் பாருங்கள். மூக்குத்தி கிடையாது. அது பிறகு வந்த வழக்கம் என்கிறார்கள். துரை கண்ணில் பட்டிருந்தால் அம்மனுக்கும் வேலை போயிருக்கும்!

நாயக்கர் காலமா? கெம்புக்கல் அட்டிகை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம்! அத்தனையும் பூட்டிக்கொண்டு கொழுந்துக் கூடை சுமக்க முடியுமா? குனிந்து வேலை செய்யாதவர்களுக்கென்றே செய்த நகைகள் அவை.

நம் தாய்மார் தெற்கேயிருந்து மலையேறியபோது காதில் ஆடிய பாம்படமா? என்ன சொல்கிறார் அங்கே மாரப்பன்? "அது உளுந்திருந்தா சல்லடையே கிளிஞ்சிருக்குமுங்க!" சரியான தீர்ப்பு!

மிச்சம் வெள்ளைக்காரன் காலம். சுப்பண்ணன் அவர்களே, திறந்து தூக்கிக் காட்டுங்கள்! ஒரு பொன் பொத்தான். நடுவே கம்பி. மறுமுனையில் குமிழ். தாய்மார்களே, இதைக் காதில் போடுவீர்களா? மூக்கில் போடுவீர்களா? "எதுல போட்டாலும் நிக்காதுங்க!" என்கிறார் இசக்கியம்மா. நிற்காது. இது நிற்கும் இடம் கோட்டுக்காரர்களின் சட்டைக் கை. பெயர் கஃப் லிங்க். கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை நம் துரைக்குப் பரிசாக விட்டுப்போன ஜோடியில் ஒன்று. நமக்குச் சுதந்திரம் வந்தது, அவருக்குப் பொத்தான் வந்தது!

தூளின் மணம் பார்க்கத் துரை முழங்கை வரை குவியலுக்குள் கையை விடுவது யாருக்குத் தெரியாது? தலைவர் அவர்களே, கையை மேசைக்கு அடியில் ஒளிக்க வேண்டாம். வலக் கையில் பொன், இடக் கையில் ஊக்கு. ஊரே பார்த்துவிட்டது! "கிளப்புல தேடாதீங்க, பாக்டரியில தேடுங்கன்னு அன்னைக்கே சொன்னனுங்களே!" இது நான் சொல்லவில்லை, அம்சவேணி அம்மையார் சொல்கிறார்.

அதோ வீரம்மா அக்கா எழுந்துவிட்டாள். "ஏனுங்க துரை, நாளையிலிருந்து நீங்க சட்டையக் கழட்டி வெச்சுப்போட்டுத்தான் பாக்டரிக்குள்ள வருவீங்களா?"

சிரியுங்கள். சிரித்துவிட்டு யோசியுங்கள். பொன் என்றதும் ஏன் பெண்களைப் பார்த்தார்கள்? அட்டிகை பூண்ட கழுத்தை யாரும் சந்தேகிக்கவில்லையே, குச்சி செருகிய மூக்கை மட்டும் ஏன் சந்தேகித்தார்கள்? துரையின் பொத்தான் தொலைந்தால் அது மறதி. ஏழையின் மூக்குத்தியைக் காணோம் என்றால் அது குற்றமா? யாரும் எதையும் கழற்ற வேண்டாம் துரை! சட்டையும் வேண்டாம், தாலியும் வேண்டாம். அந்த உத்தரவைக் கழற்றுங்கள்!

தலைவர் தலையசைக்கிறார். தலையசைப்பு தலையோடு போய்விடும், மைக்கில் சொல்லுங்கள். "உத்தரவு ரத்து. வீரம்மா நாளைக்கு வரலாம்." கேட்டீர்களா? இப்போது தட்டுங்கள்!

என்ன அக்கா, இன்னும் உட்காரவில்லை? "நிறுத்துன நாளுக்கெல்லாம் பேரு போட்டுக் கூலி குடுப்பீங்களான்னு கேளு தம்பி!"

தலைவர் அவர்களே, நகையைத் தவிர வேறெதுவும் நான் பேசவில்லை. கூலியைப் பேசுவது அவர்கள்தான். பதில் சொல்ல மைக்கை உங்கள் பொன் கையிலேயே தருகிறேன். தலைப்பு தந்த தங்களுக்கு நன்றி. தீப்பெட்டியைத் திறந்த சுப்பண்ணனுக்கு நன்றி. நாளைக் காலை தோடு மின்ன மலையேறப் போகும் தாய்மார்களுக்கு என் வணக்கம்!