நாலு மாதம் பத்து நாள்

காதி நீதிமன்றம், காதியார் அவர்களுக்கு,

எழுத்து பெரிதாக இருக்கிறது என்று குறை நினைக்க வேண்டாம். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்துவிட்டது. அதைத் திருத்த மன்னார் டவுனுக்குப் போக வழியில்லை. மாப்பிள்ளை மௌத்தாகி விதவையான பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளில் எனக்கு இன்றோடு எண்பத்தொரு நாள் முடிந்திருக்கிறது. இத்தாவில் இருப்பவள் உங்கள் கந்தோருக்கு வரமுடியாது என்பதால் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவள் நான். ஹவ்வா உம்மா பொய் சொல்லமாட்டா என்று தாராபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பேர் இதற்கு மிகவும் உதவியது.

என் மாப்பிள்ளை சாஹுல் ஹமீட் எப்படி இரண்டு வீட்டுக்காரர் ஆனார் என்று கேட்டிருந்தீர்கள். தொண்ணூறில் முஸ்லிம்களாகிய எங்களை மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றியபோது புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்தோம். அவர் கருவாட்டு வியாபாரம் செய்தார். எட்டு வருடம் கழித்து, கற்பிட்டிப் பக்கம் ஜெஸீமா என்பவளை நிக்காஹ் முடித்தார். நான் சண்டை பிடிக்கவில்லை. யுத்தம் முடிந்து நாங்கள் தாராபுரத்துக்குத் திரும்பினோம். அவள் புத்தளத்தில் தன் தம்பி ஸப்ராஸின் வீட்டோடு தங்கிவிட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து அவர் பதினைந்து நாள் இங்கே, பதினைந்து நாள் அங்கே. போகிறபோது அவருடைய மண்ணிறப் பையை நான்தான் அடுக்கிக் கொடுப்பேன். இரண்டு சாரம், ஒரு சேட்டு, மருந்துப் பெட்டி, அவளுக்கு ஒரு பொதி கருவாடு.

மார்க்கம் சொன்னபடி நீதியாகப் பங்கிட்டார். அவளுக்கு ஒரு நாளைக் கூட்டியதும் இல்லை, எனக்கு ஒரு நாளைக் குறைத்ததும் இல்லை. அந்த நீதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டபோது என்னுடைய முறையில் பன்னிரண்டாம் நாள். மூன்று நாளில் போக வேண்டியவர் போகவில்லை. பதினாறாம் நாள் காலையில் அவர் எங்கள் குசினிக்குள் வந்து, முக்காலியில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். பத்து வருடத்தில் பதினாறாம் நாள் என்று ஒன்றை நான் கண்டதில்லை. ஊரெல்லாம் நோயை நினைத்துப் பயந்தது. பள்ளிவாசல் பூட்டிக் கிடந்தது. கட்டாரில் இருந்த என் மகன் பவ்ஸான் போனில் அழுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அவர் முருங்கையிலை ஆய்ந்து தருவார், நான் சுண்டுவேன். எழுபத்தொரு வயதில் என் சமையலில் உப்பு சரி என்று முதல் தடவை சொன்னார்.

பின்நேரம் அஸர் தொழுததும் அவளுக்குப் போன் எடுப்பார். நான் முற்றத்துக்குப் போய்விடுவேன்.

ஐப்பசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்தது, நாக்கு தடித்தது. போன் என் கைக்கு வந்தது; அவரால் பேச முடியாது என்று ஜெஸீமாவுக்குச் சொன்னேன். வாகனம் பிடித்துத் தன்னைப் புத்தளம் கொண்டுபோகச் சொல்லி ஒவ்வொரு நாளும் கேட்டார்.

“பாத திறந்திட்டாங்களா, ஹவ்வா?”

“இன்னும் இல்ல” என்பேன். சில நாள் அது உண்மையாகவும் இருந்தது.

அந்த மார்கழியில் ஜெஸீமா போன் எடுத்தாள். “ராத்தா, அவருட குரல ஒருக்காக் கேக்கணும். அவரால பேச முடியாட்டியும் காதுல வைங்களேன்” என்றாள். நான், “அவர் நேத்து மௌத்தாகிட்டார், ஜெஸீமா” என்றேன்.

அந்த மாதங்களில் கொரோனா என்று சொல்லி, நம்முடைய மைய்யித்துகளை அடக்க விடாமல் அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு நான் அதை விரிக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, வயதானவர்கள் இருமலைக்கூடத் தலையணைக்குள் இருமிய காலம். அதனால் அவளுக்கு இப்படிச் சொன்னேன்: “ஒருத்தருக்கும் தெரியாம அடக்கிட்டம். நீ வாயத் திறந்தா விதானைக்குப் போகும், பொலிசுக்குப் போகும். தோண்டி எடுத்து எரிச்சுப்போடுவாங்க.”

அவள் சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் அமுங்கியதில் போனிலேயே அது தெரிந்தது. “யாருக்கும் சொல்லமாட்டேன், ராத்தா. அவர எரிக்க விடமாட்டேன்” என்றாள். தம்பியைத் தவிர எவருக்கும் சொல்லவில்லை. சொன்ன சொல் காப்பாற்றுகிறவள், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வருடம் ஒரு மூடி இருந்தது.

அவள் வெள்ளை உடுத்து, தம்பி வீட்டின் பின்னறையில் இத்தா இருந்தாள். அந்த நாட்களை நானும் இங்கிருந்து எண்ணினேன். அவர் வேப்பமரத்தின் கீழ் கதிரையில் இருந்து என் கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். ஜெஸீமா ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்பார். “அவள் எடுக்கயில்ல” என்பேன். அதில் பொய் இல்லை. மௌத்தானவருக்கு யார் போன் எடுப்பார்கள்?

அவளுடைய இத்தா முடிந்த பிறகு ஸப்ராஸ் என்னை அழைத்தான். முடக்கத்தில் அவனுக்குத் தொழில் இல்லை, வீட்டில் ஏழு வாய். கடை வைத்திருக்கிற, மனைவியை இழந்த ஒருவர் ஜெஸீமாவைக் கேட்கிறாராம். அவள் மாட்டேன் என்கிறாளாம். “நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பா” என்றான். நான் சொன்னேன். தனியாக இருந்து தேயாதே, அவரும் அதை விரும்பமாட்டார் என்றேன். நிக்காஹ் நடந்தது. மரணச் சான்றிதழ் வந்தபின் பதியலாம் என்று எழுத்தைத் தள்ளிவைத்தார்கள். சான்றிதழ் கேட்டால் கபுறைக் கிண்டுவார்கள், நோய் ஓயட்டும் என்றேன்.

போன தை மாதம், அவர் பாதையைப் பற்றி மறுபடி கேட்டபோது சொன்னேன். “ஜெஸீமா வேற மாப்பிள முடிச்சிட்டாள்.” அதுவும் பொய் இல்லை.

அவர் விழுந்த கையை மற்றக் கையால் மடிக்கு எடுத்தார். பிறகு தடித்த நாக்கால் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். “அவள் செய்யமாட்டாள். நான் மௌத்துண்டு யாரோ சொல்லியிருக்காங்க.”

யாரோ என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

அவர் ஜெஸீமாவுக்குத் தலாக் சொன்னாரா என்பது உங்கள் அடுத்த கேள்வி. சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நான் கேட்டேன். அவர் பக்கத்து வீட்டுக் காமிலைக் கூப்பிடச் சொன்னார். தலாக் என்று ஒரு சொல் சொன்னால் கூப்பிடுகிறேன் என்றேன். அன்றிலிருந்து என் கையால் எதுவும் வாங்கவில்லை. நான் மூன்று வேளையும் கஞ்சி காய்ச்சினேன். மூன்று வேளையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் வாயை இறுக்கிக்கொண்டார்.

காமில் வேலிக்கு வந்து, ஆளைக் காணோமே என்று கேட்டான். “காய்ச்சல், தம்பி. கொரோனா போல கிடக்கு. உள்ள வராதயுங்கோ” என்றேன். ஊர் நல்ல ஊர். வேலிப் படலையில் இளநீர் வைத்துவிட்டுப் போனார்கள், சூப் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. அவர் காமிலைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் எங்கள் கதவைத் தாண்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவர் உதடு அசைந்தது. அந்தச் சொல்தான் என்று நினைத்துக் குனிந்தேன். “பைய எடு” என்றார். எடுத்து வைத்தேன். இடது கையை அதன்மேல் போட்டார். நடுப்பகல் ளுஹருக்கு முன்பு மௌத்தானார்.

மைய்யித்தைப் பரிசோதித்தார்கள், கொரோனா இல்லை என்று வந்தது. அது எனக்கு முன்னமே தெரியும். எங்கள் மையவாடியிலேயே அடக்கினோம். காமில் சந்தூக்கைத் தோளில் தூக்க ஒரு பக்கம் பிடித்தான். பவ்ஸானுக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவனை விட்டுவிடுங்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதப் பெண்கள் கூடியிருந்தபோது ஜெஸீமா பஸ்ஸில் வந்து இறங்கினாள். நோய் ஓய்ந்துவிட்டதே, சான்றிதழ் வாங்கலாம் என்று வந்திருக்கிறாள். காமிலின் மனைவி றஸ்னா அவளை அடையாளம் கண்டு கையைப் பிடித்து, “நாப்பது நாள் ஓடினதே தெரியேல்ல” என்றாள்.

ஜெஸீமா அப்படியே படியில் இருந்துவிட்டாள். விரலில் எண்ணினாள். ஒரு தடவை எண்ணி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“என்னக் கேட்டாரா, ராத்தா?”

“ஓம்” என்றேன். “ஒவ்வொரு நாளும்.”

நான் அவரைத் தீயிலிருந்து காப்பாற்றினேன். அங்கே போய் அந்த வருடம் மௌத்தாகியிருந்தால் சாம்பல்தான் மிஞ்சியிருக்கும். இதைத் தீர்ப்பில் சேர்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். எரிப்பதை நிறுத்தி ஒரு வருடம் கழித்துத்தான் அவர் மௌத்தானார் என்று நீங்கள் சொல்லலாம். அது சரிதான்.

மற்றபடி எல்லாம் நான் செய்தவை. ஜெஸீமா மேல் குற்றமில்லை. உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கு அவளை இத்தா இருக்க வைத்தவளும் நான், அவருடைய மனைவியாக இருக்கும்போதே இன்னொரு வீட்டுக்கு அனுப்பியவளும் நான். அவரைப் பன்னிரண்டு நாள் கதவுக்குள் வைத்திருந்தவளும் நான்தான். கையெழுத்துப் போடச் சொல்கிற இடத்தில் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். அவளுடைய இரண்டாவது நிக்காஹ் செல்லாது, அவளும் அவருக்காக இத்தா இருக்க வேண்டும், அதை அவர் மௌத்தான இந்த வீட்டிலேயே இருக்க அவள் விரும்புகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாப்பிள்ளைக்கு ஒரு பெண் இரண்டு தடவை இத்தா இருப்பதா? அவள் தன்னுடைய நாலு மாதம் பத்து நாளையும் இருந்து முடித்துவிட்டாள். ஒரு நாளும் குறையவில்லை, நானே எண்ணினேன். அவளை உள்ளே விடமாட்டேன். இது என்னுடைய முறை.